பெயரில் ஒரு ழகரம்: மும்பைத் தமிழ் அமைப்பு ஒன்றின் டிரேட்மார்க் வழக்கு

இதில் வருகிறவர்களின் பெயரும் அமைப்பின் பெயரும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன. அந்த அமைப்புக்குச் சில ஆண்டுகள் கணக்கு எழுதியவன் என்ற முறையில் கோப்புகள் என் கையில் இருந்தன, கூட்டங்களிலும் உட்கார்ந்திருந்தேன். அதனால் முழு நடுநிலை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

பின்னணி

தாராவிக்கும் சயான் கோலிவாடாவுக்கும் நடுவில், 1990-களின் நடுப்பகுதியில், ஐந்து இளைஞர்கள் சேர்ந்து பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரவு வகுப்பு எடுக்கத் தொடங்கினார்கள். ஐந்து பேருமே திருநெல்வேலிப் பக்கம். முதலில் ஒரு சாலின் (மும்பையின் வரிசைக் குடியிருப்பு) மொட்டை மாடி, பிறகு மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியின் இரண்டு அறைகள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகம் கொடுப்பது, பொங்கலை ஒட்டி ரத்ததான முகாம் எல்லாம் பின்னால் சேர்ந்தன. சில ஆண்டுகள் கழித்து வொர்லியில் உள்ள அறநிலைய ஆணையர் அலுவலகத்தில் அறக்கட்டளையாகப் பதிவு செய்து, நன்கொடையாளர்களுக்கு வருமான வரிச் சலுகை கிடைக்க வழிசெய்யும் 80ஜி சான்றும் வாங்கினார்கள்.

பெயர் இரண்டே சொல். முதல் சொல்லில் ஒரு ழகரம் வரும். இரண்டாவது சொல் மன்றம், பேரவை, சங்கம் என்ற ரகத்தைச் சேர்ந்தது. சின்னம், திறந்த புத்தகத்தின்மேல் ஒரு லாந்தர் விளக்கு. அதன் சுடர் 'அ' என்ற எழுத்தைப் போல வளைந்திருக்கும். ஏரியாவில் போர்டு எழுதும் ஒருவர் வரைந்து கொடுத்தது. காசு வாங்கவில்லை.

2011-க்குப் பிறகு நவி மும்பையில் ஒரு கிளை வந்தது. அறங்காவலர்களில் ஒருவர் அங்கே வீடு மாறிப்போனபோது தானே தொடங்கி, எட்டு ஆண்டுகள் நன்றாகவே நடத்தினார். கிளை என்று வாயால் சொன்னதோடு சரி, எழுத்தில் ஒன்றும் இல்லை. அப்புறம் கணக்கு காட்டுவதில் மனக்கசப்பு வந்தது. கூட்டத்தில் ஒரு ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். கடிதம் மினிட்ஸ் புத்தகத்தில் ஒட்டப்பட்டது. வேறு எங்கும் போகவில்லை. இது பின்னால் பெரிய விஷயமாகிறது.

முதல் அறிகுறி

ஒரு ஜூன் மாதம் முலுண்டிலிருந்து ஒரு நன்கொடையாளர் பொருளாளருக்குப் போன் செய்தார். "அண்ணாச்சி, போன வருஷம் நோட்டுப் புத்தகத்துக்குப் பதினைந்தாயிரம் போட்டேன். 10பிஇ சான்று வரலையே?"

அறக்கட்டளை வருமான வரித் துறைக்கு நன்கொடைப் பட்டியலைத் தாக்கல் செய்து, கொடுத்தவர்களுக்கு 10பிஇ சான்று தருவதற்கு மே 31 கடைசி நாள். பொருளாளர் எல்லோருக்கும் அனுப்பி முடித்திருந்தார். இவர் பெயர் பட்டியலில் இல்லை, பணமும் வங்கியில் வரவில்லை. எந்தக் கணக்கில் போட்டார் என்று கேட்டதும் அவர் வாட்ஸப்பில் வந்த நோட்டீஸ் ஒன்றை அனுப்பினார். அதே பெயர், பின்னால் 'நவி மும்பை' என்ற ஒட்டு. அதே விளக்கு. கீழே க்யூஆர் கோடு, அது வேறொரு வங்கிக் கணக்கினுடையது. ஓரத்தில் சின்ன எழுத்தில் பழைய அமைப்பின் 80ஜி எண்.

நோட்டீஸ் போட்டவர் விலகிப்போன அறங்காவலர்தான். தானே (Thane) பகுதியில் தனி அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்திருந்தார். பெயரில் ஒட்டு இருந்ததால் அது வேறு பெயராக ஏற்கப்பட்டிருக்கிறது. அறக்கட்டளைப் பதிவு ஒரு பெயரின்மேல் தனி உரிமை எதையும் தருவதில்லை என்பது எங்களில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது. 80ஜி எண் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, டிடிபி கடைக்காரர் பழைய நோட்டீஸைப் பார்த்து அடித்துவிட்டார் என்றார். நம்பவும் செய்யலாம், நம்பாமலும் இருக்கலாம். அவருடைய மையத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உண்மையாகவே படித்துக்கொண்டிருந்தார்கள். ஆளை மோசடிக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டு வருடம் உழைத்த பெயர் தன்னுடையதும்தான் என்று அவர் நினைத்தார்.

தேடிப் பார்த்ததில்

இரவு வகுப்பில் படித்து வக்கீலான ஒரு பெண்ணைக் கமிட்டி அணுகியது. அவர் முதலில் செய்தது டிரேட்மார்க் பதிவேட்டின் இணையத் தேடல். அது இலவசம். ஐந்து நிமிடத்தில் விஷயம் வெளியே வந்தது: விலகியவர் பதினான்கு மாதம் முன்பே பெயருக்கும் விளக்குச் சின்னத்துக்கும் சேர்த்துக் கல்விச் சேவைகளுக்கான டிரேட்மார்க் வகையான கிளாஸ் 41-இல் விண்ணப்பம் போட்டிருந்தார். அது ஆய்வைத் தாண்டி, ஏப்ரல் நடுவில் டிரேட்மார்க் இதழில் வெளியாகியும் இருந்தது. இதழ் வாரா வாரம் வருவது, யாரும் பார்க்கலாம். நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

வெளியான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் எதிர்ப்பு மனு போடாவிட்டால் சின்னம் பதிவாகிவிடும். ஜூலை முதல் வாரம் ஆகியிருந்தது. மிச்சம் ஆறு வாரம்.

இன்னொன்றையும் வக்கீல் கவனித்தார். விண்ணப்பம் அவருடைய புதிய அறக்கட்டளையின் பெயரில் இல்லை, அவருடைய சொந்தப் பெயரில் இருந்தது. தனிநபர் இணையவழியில் போட்டால் ஒரு கிளாஸுக்குக் கட்டணம் 4,500 ரூபாய். அறக்கட்டளை போட்டால் 9,000. அவர் பாதிப் பணத்தை மிச்சம் பிடித்திருந்தார்.

கமிட்டிக் கூட்டம்

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மூன்று மணி நேரம் ஓடியது. போலீஸில் புகார் கொடுக்கலாம் என்றார் ஒருவர். நாற்பது பிள்ளைகளின் வகுப்பு நின்றுபோகும் என்பதால் வாக்கெடுப்பில் அது தோற்றது. "நாம என்ன வியாபாரமா பண்றோம், டிரேட்மார்க் எதுக்கு?" என்றார் மூத்தவர் ஒருவர். கேள்வி நியாயமானது. 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் பொருளோடு சேவையையும் எடுத்துக்கொள்கிறது, சேவைக்கு அது தரும் விளக்கத்தில் கல்வியும் இருக்கிறது என்று வக்கீல் சொன்னார். மூத்தவரின் முகம் மாறவில்லை.

அப்புறம் அந்தப் பெண் இருட்டுக்கடை அல்வாவை எடுத்தார். அந்தப் பெயருக்கான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு பெயரை முந்திப் பயன்படுத்தி மதிப்பு சேர்த்தவரின் உரிமை, பின்னால் வந்து பதிவு மட்டும் வாங்கியவரின் உரிமையைவிட மேலானது என்று 2015-இல் தீர்ப்பு வந்தது. நெல்லைக்காரர்கள் கூடியிருந்த அறையில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "அப்போ நம்மகிட்ட பழைய பேப்பர் இருந்தா போதுமாம்மா?" என்றார் அதே மூத்தவர்.

"பேப்பர் இருந்தா பாதி வேலை முடிஞ்சது மாமா. ஆனா கோர்ட்டுக்குப் போய் ஒவ்வொரு தடவையும் நிரூபிக்கணும். பதிவு இருந்தா அந்த அலைச்சல் குறையும்."

எடுத்த முடிவுகள் இவை. முதலில் நன்கொடையாளர்களுக்கு ஒரு கடிதம்: எங்கள் கணக்கு எண் இது, மற்றதற்கு நாங்கள் பொறுப்பல்ல. யாரையும் குற்றம் சொல்லாமல் எழுத நான்கு முறை திருத்த வேண்டியிருந்தது. இரண்டாவது, எதிர்ப்பு மனு. இணையவழிக் கட்டணம் 2,700 ரூபாய். மூன்றாவது, எங்கள் சொந்த விண்ணப்பம். தமிழ் எழுத்தில் பெயர் தனியாக, சின்னம் தனியாக. கல்விக்குக் கிளாஸ் 41, நன்கொடை திரட்டுவதற்குக் கிளாஸ் 36. நோட்டுப் புத்தகத்துக்கும் பனியனுக்கும் வேறு கிளாஸ்கள் உண்டு, அவை வேண்டாம் என்று விட்டோம். நான்கு ஒன்பதாயிரம், 36,000 ரூபாய்.

இங்கேதான் செயலாளர் ஒரு யோசனை சொன்னார். தன் பெயரில் போட்டால் 18,000 மிச்சம், அந்தப் பணத்தில் நோட்டு வாங்கலாமே. ஆள் தங்கமான மனிதர், எண்ணமும் நல்லதுதான். ஆனால் விலகியவர் செய்ததும் இதே காரியம். கூட்டம் ஒரு நிமிடம் அமைதியானது. அறக்கட்டளைக்காக அறங்காவலர்கள் என்ற நிலையில்தான் விண்ணப்பம் என்று முடிவானது.

ஆதாரம் தேடிய கதை

ஒரு பெயரை முன்பிருந்தே பயன்படுத்துகிறோம் என்று விண்ணப்பத்தில் சொன்னால், எந்தத் தேதியிலிருந்து என்பதை உறுதிமொழிப் பத்திரத்தோடு ஆவணம் வைத்துச் சொல்ல வேண்டும். எங்கள் ஆவணம் ஒரு தகரப் பெட்டி. அது ஒரு நிறுவனரின் தரைத்தள வீட்டில் இருந்தது. 2005 ஜூலை 26 அன்று, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த அன்று, அந்த வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பழைய ரசீதுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகியிருந்தன.

கடைசியில் உதவியது ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர். மாலையில் வகுப்பறையைப் பயன்படுத்த அனுமதித்து 1998-இல் பள்ளி கொடுத்த கடிதத்தின் நகலை அவர் வைத்திருந்தார். அமைப்பின் பெயர், பள்ளி முத்திரை, தேதி மூன்றும் தெளிவு. அதற்கு முந்தைய காகிதம் எதுவும் கிடைக்கவில்லை. 1995 என்று எழுத வேண்டும் என்று நிறுவனர்கள் அடம்பிடித்தார்கள். "நாங்க பொய்யா சொல்றோம்?" பொய்யில்லைதான். ஆனால் காட்ட முடியாத மூன்று ஆண்டுக்காக மொத்தப் பத்திரத்தின் மேலும் சந்தேகம் வரவிடுவது புத்திசாலித்தனம் இல்லை. எதிர்த்தரப்பு எவ்வளவு முயன்றாலும் 2011-க்கு முன்னால் போக முடியாது. 1998 என்றே எழுதினோம்.

ழகரம் அடுத்த தலைவலி. தமிழ் எழுத்தில் உள்ள சின்னத்துக்கு ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் கொடுக்க வேண்டும். எங்கள் காகிதங்களில் அந்த ஒரு எழுத்து மூன்று வேடம் போட்டிருந்தது. வங்கிக் கணக்கில் இசட்-எச், பான் அட்டையில் வெறும் எல், அறநிலைய ஆணையரின் மராத்திச் சான்றில் ளகரம். மூன்றும் ஒரே அமைப்புதான் என்று தனியாக ஓர் உறுதிமொழி எழுத வேண்டியதாயிற்று.

சின்னத்தைத் தேடினால் அதுவும் மூன்று. ரசீதில் விளக்கின் கைப்பிடி இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. பேனரில் வலப்பக்கம். பனியனில் சுடர் 'அ'வாக இல்லை, மிளகாய் மாதிரி இருக்கிறது. ரத்ததான பேனரில் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு செஞ்சிலுவை வேறு. அதை வக்கீல் உடனே எடுக்கச் சொன்னார். 1960-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தச் சட்டப்படி அரசு அனுமதி இல்லாமல் அந்தச் சின்னத்தை யாரும் போடக் கூடாது.

எது அசல் என்று தெரிய, வரைந்தவரையே தேடிப்போனோம். அவர் ஊருக்குத் திரும்பி அம்பாசமுத்திரம் பக்கம் இருந்தார். போக இன்னொரு காரணமும் இருந்தது. சம்பளம் இல்லாமல் வரைந்து கொடுத்த படத்தின் பதிப்புரிமை வரைந்தவருக்கே. அதை அமைப்புக்கு மாற்ற அவர் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். காலம் எவ்வளவு என்று எழுதாமல் விட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் பதிப்புரிமை இருக்கும் காலம் முழுவதும், உலகம் முழுவதும் என்று எழுதி எடுத்துப்போனோம். அவர் ஆவணத்தைப் படிக்கவில்லை. நாங்கள் கொண்டுபோன பேனரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதை எவன் திருப்பிப் போட்டான்?" என்றார். கைப்பிடி இடப்பக்கம்தான், சுவரில் வகுப்புக்குப் போகும் படிக்கட்டு அந்தப் பக்கம் இருந்ததால் அப்படி வரைந்தாராம். ஒரு தாளில் மறுபடி வரைந்தும் கொடுத்தார். விண்ணப்பத்தில் போனது ரசீதில் இருந்த அதே இடப்பக்கக் கைப்பிடி விளக்குதான்.

எதிர்பாராத பதில்

ஜூலைக் கடைசியில் எங்கள் விண்ணப்பமும், ஆகஸ்ட் முதல் வாரத்தில் எதிர்ப்பு மனுவும் போயின. பதிவேட்டின் மும்பை அலுவலகம் ஆன்டாப் ஹில்லில், எங்கள் மையத்திலிருந்து ஷேர் டாக்ஸி தூரத்தில் இருக்கிறது. எல்லாம் இணையவழி என்பதால் ஒரு நாளும் உள்ளே போகவில்லை.

எதிர்ப்பு மனு கையில் கிடைத்த இரண்டு மாதத்துக்குள் விண்ணப்பித்தவர் எதிருரை போட வேண்டும், இல்லாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அவர் போட்டார். அதில் இருந்த ஒரு வரி எங்களைக் கதிகலங்க வைத்தது: அறநிலைய ஆணையரின் பதிவேட்டில் இன்று வரை நானும் ஓர் அறங்காவலர், அப்படியிருக்க அறக்கட்டளை என்னை எதிர்ப்பது எப்படி?

சரிபார்த்தோம். உண்மைதான். அறங்காவலர் மாறினால் தொண்ணூறு நாளுக்குள் சேஞ்ச் ரிப்போர்ட் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டம். அந்தப் பதிவேட்டில் எங்கள் அறங்காவலர் பட்டியலான ஷெட்யூல்-1-இல் இருந்த நால்வரில் ஒருவர் காலமாகிவிட்டார், ஒருவர் ஊரில், ஒருவர் நிறுவனர், நான்காமவர் இவர். எதிர்ப்பு மனுவுக்குக் கையெழுத்திட்ட செயலாளர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பத்து வருடமாக எல்லாக் காசோலையிலும் அவர்தான் கையெழுத்து.

இரண்டு நாள் யாருக்கும் தூக்கமில்லை. வக்கீல்தான் அதைத் திருப்பிப் போட்டார். மினிட்ஸில் உள்ள ராஜினாமா செல்லும் என்றால் அவர் வெளியாள், பிறர் பெயரை எடுத்திருக்கிறார். செல்லாது என்றால் அவர் அறங்காவலர். அறக்கட்டளையின் சொத்தை ஓர் அறங்காவலர் தன் சொந்தப் பெயரில் எழுதிக்கொள்ள முடியாது. எந்த வழியில் போனாலும் அந்த விண்ணப்பம் அவர் பெயரில் நிற்காது. கூடவே பட்டியலில் இருக்கும் நிறுவனரின் ஒப்புதல் தீர்மானம் எடுக்கப்பட்டது. வொர்லியில் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு சேஞ்ச் ரிப்போர்ட்டும் தாக்கலானது.

உடன்பாடு

சாட்சியங்கள் தாக்கல் செய்யும் கட்டம் தொடங்கும் முன்பே பேச்சு தொடங்கிவிட்டது. இரு தரப்புக்கும் வேண்டிய பெரியவர் ஒருவர், மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட உட்கார வைத்தார். முதல் சந்திப்பில் சாப்பாடு முடிந்தது, பேச்சு நடக்கவில்லை. இரண்டாவதில் விலகியவர் தன் வக்கீலோடு வந்தார். ரசம் வருவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்கள்.

முடிவானவை: அவர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவார். அடுத்த கல்வியாண்டிலிருந்து வேறு பெயர். ஏப்ரல் வரை பிள்ளைகளின் அடையாள அட்டையில் பழைய பெயரும் விளக்கும் இருக்கலாம், அதற்கு எங்கள் எழுத்துப்பூர்வ அனுமதி உண்டு. 80ஜி எண் தவறாக அச்சாகிவிட்டது என்று நன்கொடை கொடுத்தவர்களுக்கு அவரே கடிதம் எழுதுவார். சேஞ்ச் ரிப்போர்ட்டுக்குத் தேவையான கையெழுத்தைப் போடுவார். கடந்த வசூலை நாங்கள் கேட்க மாட்டோம். இந்தக் கடைசி அம்சம் எனக்குப் பிடிக்கவில்லை. சிறுபான்மையில் இருந்தேன்.

எங்கள் விண்ணப்பத்துக்கு ஐந்தாவது மாதம் ஆய்வறிக்கை வந்தது. இரண்டு ஆட்சேபம்: பிரிவு 9-இன்படி பெயர் தனித்தன்மை அற்றது, பிரிவு 11-இன்படி அதே போன்ற முந்தைய விண்ணப்பம் இருக்கிறது. முந்தைய விண்ணப்பம் அவருடையதுதான். முப்பது நாளுக்குள் பதில் கொடுத்தோம். அவர் திரும்பப் பெற்ற பிறகு இரண்டாவது ஆட்சேபம் தானாகப் போயிற்று. முதலாவதுக்கு வீடியோ விசாரணை. சின்னம் ஏற்கப்பட்டு இதழில் வந்தது. நான்கு மாதத்தில் யாரும் எதிர்க்கவில்லை. விண்ணப்பித்த 19-ஆவது மாதம் சான்றிதழ் வந்தது. விண்ணப்பத் தேதியிலிருந்து பத்து ஆண்டுக்குச் செல்லும்.

பெயர் மட்டும் உள்ள விண்ணப்பம் இதை எழுதும்போதும் விசாரணையில்தான் இருக்கிறது. இரண்டாவது சொல் ஊருக்கே பொது என்பதில் அதிகாரி உறுதியாக இருக்கிறார். நீண்ட காலப் பயன்பாட்டால் தனித்தன்மை பெற்றுவிட்டது என்பது எங்கள் வாதம். ஏற்பார்களா என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அதுவரை சின்னத்துக்கு வட்டத்துக்குள் ஆர் போடுகிறோம், வெறும் பெயருக்கு டிஎம் மட்டும். பதிவாகாததற்கு ஆர் போடுவது சட்டப்படி தவறு.

இன்று செய்வதானால்

டிரேட்மார்க் விண்ணப்பத்துக்கு முன்னால் வொர்லிக்குப் போயிருப்போம். பெயர் யாருடையது என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியது அறக்கட்டளையின் சொந்தப் பதிவேடு. எங்கள் பதிவேடு வேறு பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது. கிளை தொடங்கிய அன்றே ஒரு பக்கத்தில் உடன்பாடு எழுதியிருப்போம்: பெயரையும் விளக்கையும் எதற்குப் பயன்படுத்தலாம், கணக்கு யாருக்குக் காட்ட வேண்டும், பிரிந்தால் எத்தனை நாளில் பெயரை விட வேண்டும். இப்போது கல்யாணில் தொடங்கிய மையத்தோடு அப்படி ஒன்று கையெழுத்தாகியிருக்கிறது. பழைய காகிதங்கள் ஸ்கேன் செய்யப்பட்டு மூன்று பேரிடம் இருக்கின்றன. தகரப் பெட்டி இரண்டாவது மாடிக்குப் போய்விட்டது.

வாரா வாரம் இதழைப் பார்ப்பது என்று தீர்மானம் போட்டோம். நான்கு வாரம் நடந்தது. இப்போது செயலாளரின் மகள் மாதம் ஒருமுறை பெயரைத் தேடிப் பார்க்கிறாள், அது போதும் என்று விட்டுவிட்டோம்.

இந்த ஜூன் மாத நோட்டீஸ் இரண்டாயிரம் பிரதி அச்சகத்திலிருந்து வந்தபோது கைப்பிடி மறுபடியும் வலப்பக்கம் இருந்தது. பொருளாளர் கட்டைப் பிரிக்காமலேயே திருப்பி அனுப்பினார்.